மதுரை வீட்டுக்கு எந்த இணைய டிவி? மூன்று தொலைபேசி நிறுவனங்களின் சேவைகள் ஒரு பார்வை

மதுரையில் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சுகிறவர்களிடம் பத்தாண்டுகளுக்கு முன்பு "கேபிளா, டிஷ்ஷா?" என்று கேட்டார்கள். இன்று "எந்த ஃபைபர் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். தொலைபேசி நிறுவனம் இழுத்துத் தரும் கண்ணாடி இழை ஒயர் ஒன்றிலேயே இணையமும், லேண்ட்லைனும், டிவியும் சேர்ந்து வந்துவிடுவதால் இந்த மாற்றம் நேர்ந்திருக்கிறது. ஜியோ, ஏர்டெல், பி.எஸ்.என்.எல். ஆகிய மூன்று நிறுவனங்கள் இந்தச் சந்தைக்காக மோதுகின்றன. கே.கே.நகர், திருநகர், வில்லாபுரம் என எந்தப் பகுதிக்குப் போனாலும் மின்கம்பங்களில் இவர்களுடைய கறுப்பு ஒயர்கள் சுருண்டு தொங்குகின்றன. விளம்பரத்தில் இவர்கள் எண்ணிக்கையைச் சொல்லிப் போட்டி போடுகிறார்கள்: அறிமுகத்தின்போது ஒருவர் 350 சேனல் என்றார், இன்னொருவர் 550, மற்றொருவர் 500. ஆனால் ஹாலில் உட்கார்ந்து டிவி பார்க்கிற குடும்பத்தின் திருப்தியை இந்த எண்கள் எதுவும் தீர்மானிப்பதில்லை என்பதே, சொந்த வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் இந்தச் சேவைகளை அருகிலிருந்து பார்த்த பிறகு எனக்கு ஏற்பட்டிருக்கிற கருத்து. டிவியைப் போட்டவுடன் வருகிறதா, சேனல் சட்டென்று மாறுகிறதா, ஒயர் அறுந்தால் யார் வருவார் என்ற மூன்று கேள்விகளே முக்கியமானவை. இந்த மூன்றிலும் தெருக் கேபிள்காரர் வைத்துவிட்டுப் போன அளவுகோலைத் தொலைபேசி நிறுவனங்கள் இன்னும் முழுமையாக எட்டவில்லை.

இது இவர்களுடைய முதல் முயற்சியும் அல்ல. அரசுத் தொலைபேசி நிறுவனமான எம்.டி.என்.எல். 2006-இல் தில்லியிலும் மும்பையிலும், இணைய இணைப்பு வழியே சேனல்கள் வரும் ஐபிடிவி சேவையைத் தொடங்கியது, பி.எஸ்.என்.எல். அந்தக் காலகட்டத்திலேயே சில நகரங்களில் அதை முயன்று பார்த்தது. ஐபிடிவிக்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய அரசு 2008-இல் வெளியிட்டது. ஏர்டெல் 2009-இன் தொடக்கத்தில் தில்லி வட்டாரத்தில் களமிறங்கியது. இந்த முயற்சிகள் எதுவும் வேரூன்றவில்லை. அன்று வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது தாமிரக் கம்பி. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அந்த அளவுக்கு அதில் வேகம் குறையும்; நொடிக்குச் சில மெகாபிட் வேகத்தில் ஒரு சேனலை ஓட்டுவதற்கே அது திணறும்; அடுத்த அறையில் யாராவது கணினியில் எதையாவது இறக்கத் தொடங்கினால் ஹாலில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். மறுபுறம், தமிழ்நாட்டில் கேபிள் கட்டணம் மிக மலிவாக இருந்தது. அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தரத் தொடங்கியபோது, அதைவிடப் பல மடங்கு கூடுதலாகக் கொடுத்துத் தொலைபேசிக் கம்பியில் டிவி பார்க்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

பிற நாடுகளில் தொலைபேசி நிறுவனங்கள் இதை வேறு வகையில் அணுகின. ஹாங்காங்கின் தொலைபேசி நிறுவனம் 2003-இலேயே, வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்து காசு கட்டும் முறையோடு டிவி சேவையைத் தொடங்கியது. அமெரிக்காவில் வெரைஸான் 2005-இல் வீட்டுவாசல்வரை ஃபைபர் இழுத்து டிவி கொடுத்தது. ஏடி அண்டு டி நிறுவனமோ தாமிரக் கம்பியின் கடைசித் துண்டை அப்படியே வைத்துக்கொண்டு 2006-இல் தொடங்கியது. பின்னர் 2015-இல் டைரக்டிவி என்ற டிடிஎச் (டிஷ் வழியே டிவி தரும்) நிறுவனத்தை ஏறத்தாழ 4,900 கோடி டாலருக்கு வாங்கிய அதே ஏடி அண்டு டி, 2021-இல் அதைத் தனி நிறுவனமாகப் பிரித்து ஒதுக்கியது. டிவி சேவைக்கு ஆகும் செலவு ஒரு பெரிய தொலைபேசி நிறுவனத்தையே எவ்வளவு தூரம் அலைக்கழிக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியிருந்தும் இன்று நம் ஊரில் மூன்று நிறுவனங்களும் டிவியை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம், இணையத்தை மட்டும் விற்றால் வாடிக்கையாளர் நிலைத்து நிற்பதில்லை என்பதுதான். ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தால் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார்கள். டிவியும் அதே பெட்டியில் வந்தால், அதை மாற்ற வீட்டிலுள்ள எல்லோரும் சம்மதிக்க வேண்டும். சீரியல் பார்க்கிறவர் சம்மதிப்பது அத்தனை எளிதல்ல. இன்னொரு பக்கம் டிடிஎச் தேய்ந்துகொண்டே வருகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிடும் கணக்குப்படி, 2020-ஆம் ஆண்டின் இறுதியில் 7 கோடியைத் தொட்டிருந்த டிடிஎச் சந்தாதாரர் எண்ணிக்கை, நான்கே ஆண்டுகளில் 6 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஏர்டெல் தானே டிடிஎச் சேவையும் நடத்துவதால், மொட்டைமாடி டிஷ்ஷைக் கழற்றுகிற வீடு வேறு யாருடைய ஃபைபருக்கும் போகாமல் தன் ஃபைபருக்கே வந்து சேர வேண்டும் என்ற கட்டாயமும் அதற்கு இருக்கிறது.

முதலில் ஜியோ. 2018 அக்டோபரில் ஹாத்வே, டென் என்ற இரு பெரிய கேபிள் நிறுவனங்களில் பெரும்பான்மைப் பங்குகளை வாங்குவதாக ரிலையன்ஸ் அறிவித்தது. 2019 செப்டம்பர் 5 அன்று ஜியோ ஃபைபர் வணிக முறையில் தொடங்கியது. தொடக்கத்தில், வழக்கமான சேனல்களை அந்தந்தத் தெருக் கேபிள்காரரின் ஒயரையே தங்கள் பெட்டியில் செருகிப் பார்க்கலாம் என்றுதான் சொன்னார்கள். தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் பெரிதாக எடுபட்டதாக நான் காணவில்லை. இன்று ஜியோவின் பெட்டியில் டிவி வருவது ஜியோடிவி பிளஸ் என்ற செயலியின் வழியாகத்தான். ஃபைபர் எட்டாத இடங்களுக்கு 2023 செப்டம்பர் 19 அன்று ஏர்ஃபைபர் என்ற கம்பியில்லா இணைப்பும் வந்தது: மாதம் 599 ரூபாய், 30 எம்பிபிஎஸ் (நொடிக்கு 30 மெகாபிட்) வேகம், 550-க்கும் மேற்பட்ட சேனல்கள், 14 ஓடிடி செயலிகள் என்பது அதன் அறிமுகத் திட்டம். 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் 599 ரூபாய் 706 ரூபாய் 82 காசு ஆகிவிடும். நம் ஊர் விளம்பரப் பலகைகளில் இந்த வரி எறும்பளவு எழுத்தில்தான் இருக்கும் என்பதால், திட்டங்களை ஒப்பிடும்போது வரியைச் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

ஏர்டெல் தன்னுடைய ஐபிடிவியை 2025 மார்ச்சில் 2,000 நகரங்களில் அறிமுகப்படுத்தியது. 699 ரூபாய்த் திட்டத்தில் தொடங்கி, வேகமும் ஓடிடி செயலிகளும் கூடக் கூட விலை ஏறிக்கொண்டே போகும். 350 சேனல்கள் எல்லாத் திட்டத்திலும் உண்டு. 699 என்பது வரியோடு 824 ரூபாய் 82 காசு. அடிப்படைத் திட்டத்தின் வேகம் 40 எம்பிபிஎஸ் என்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள், தேவையில்லை. ஒரு எச்டி சேனலுக்கு 6 முதல் 8 எம்பிபிஎஸ் போதும். இரண்டு டிவியும் மூன்று செல்போனும் உள்ள வீட்டுக்கு 40 தாராளம். 4கே படம் பார்ப்பவருக்கும், வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும்தான் 100 தேவைப்படும். நெட்ஃப்ளிக்ஸ் வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக உயர்ந்த திட்டத்துக்குப் போகிறவர்கள், அந்தச் செயலிக்குத் தனியாகக் கட்டினால் எவ்வளவு ஆகும் என்று ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்லது. பல வீடுகளில் தனியாகக் கட்டுவதே மலிவாக முடியும்.

பி.எஸ்.என்.எல். பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் பகுதியில் அதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள். 2024 அக்டோபரில் அது ஐஎஃப்டிவி என்ற பெயரில் ஃபைபர் டிவி சேவையைத் தொடங்கியபோது, நாட்டிலேயே முதலில் மத்தியப் பிரதேசத்துக்கும் தமிழ்நாட்டுக்கும்தான் அது வந்தது. 500-க்கும் மேற்பட்ட நேரலைச் சேனல்கள், தன் ஃபைபர் வாடிக்கையாளர்களுக்குக் கூடுதல் கட்டணமில்லை என்ற அறிவிப்போடு அது அறிமுகமானது. பி.எஸ்.என்.எல்.லின் சொந்த வலையமைப்புக்குள்ளேயே இந்த டிவி ஓடுவதால், எவ்வளவு நேரம் பார்த்தாலும் மாத டேட்டா அளவில் அது கழியாது. இதுதான் அதன் மிகப் பெரிய சிறப்பு. குறை என்னவென்றால், இதற்கு ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்புள்ள டிவி வேண்டும். மதுரையில் பெரும்பாலான வீடுகளில் ஓடுவது ஐந்தாறு ஆண்டுகளுக்கு முந்தைய டிவிகள்தான். அவற்றில் சில ஸ்மார்ட் டிவிகளே அல்ல, ஸ்மார்ட் டிவிகளாக இருப்பவற்றிலும் பழைய ஆண்ட்ராய்டு பதிப்பே இருக்கும். அப்படிப்பட்ட வீட்டார் டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஆண்ட்ராய்டு பெட்டி வாங்கி டிவியோடு பொருத்திக்கொள்ள வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தால் 'கூடுதல் கட்டணமில்லை' என்பதன் பொருள் கொஞ்சம் மாறிவிடுகிறது.

சேனல் எண்ணிக்கைக்கு வருவோம். 350 என்றாலும் 550 என்றாலும், அவற்றில் இந்தி, குஜராத்தி, வங்காளி, போஜ்பூரி எல்லாம் சேர்ந்தே இருக்கும். மதுரைக் குடும்பம் ஒன்று உண்மையில் பார்ப்பது சன், கே டிவி, விஜய், ஜீ தமிழ், கலைஞர், பாலிமர், இரண்டு மூன்று செய்திச் சேனல்கள், குழந்தைகளுக்கு ஒரு கார்ட்டூன் சேனல், விளையாட்டுக்கு ஒன்று, கோயில் நிகழ்ச்சிகளுக்கு ஒன்றிரண்டு பக்திச் சேனல்கள், எப்போதாவது டிடி தமிழ் என்று பெயர் மாறிவிட்ட பழைய பொதிகை. ஏறத்தாழ இருபது. இந்த இருபதில் ஏதாவது ஒன்று இல்லையென்றால் மீதமுள்ள ஐந்நூறினால் பயனில்லை. ஆகவே இணைப்புக் கொடுக்க வரும் பையனிடம் சேனல் எண்ணிக்கையைக் கேட்காமல், வீட்டில் பார்க்கும் சேனல்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் அவர் முன்னாலேயே போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். சேனல் அந்தப் பெட்டியிலேயே ஓடுகிறதா, அல்லது வேறொரு செயலிக்குள் இழுத்துக்கொண்டு போய்த் தனிச் சந்தா கேட்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். உள்ளூர்ச் சேனல்கள் இன்னொரு இழப்பு. தெருக் கேபிளில் வருகிற உள்ளூர்ச் செய்தி, கோயில் திருவிழா, பேச்சுப்போட்டி, கல்யாண மண்டப விளம்பரம் எல்லாம் மூன்று பெரிய நிறுவனங்களின் பட்டியலிலும் பெரும்பாலும் இருக்காது.

சட்ட நிலையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டிராயின் விதிமுறைகளில் கேபிள், டிடிஎச், ஐபிடிவி எல்லாம் ஒரே வகையில் விநியோகஸ்தர்களாகக் கணக்கிடப்படுகின்றன. 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த முறைப்படி, வேண்டிய சேனலைத் தனித்தனி விலையில் தேர்ந்தெடுத்து வாங்கும் உரிமை நமக்கு இருக்கிறது. செயலி வழியாக வரும் நேரலைச் சேனல்களை இந்த ஏற்பாட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பது நீண்டகாலமாகவே ஒரு வழக்காடு பொருள். கேபிள் நடத்துபவர்கள் இதைத்தான் தங்களுக்கு இழைக்கப்படும் அநீதியாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஒரே சேனலைக் கம்பியில் கொடுப்பவருக்கு ஒரு விதி, செயலியில் கொடுப்பவருக்கு வேறு விதி என்றால் போட்டி சமமாக இருக்காது. பார்வையாளருக்கு இதனால் நேரும் விளைவு, ஃபைபர் திட்டங்களில் பிடித்த சேனலை மட்டும் பொறுக்கி எடுக்கும் வழி பெரும்பாலும் இல்லாமல், மூட்டையாகவே வாங்க வேண்டியிருப்பது.

இனிப் படம் எப்படி வருகிறது என்பது. தெளிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை; டிஷ்ஷைவிடப் படம் துல்லியமாகவே இருக்கிறது, மழை பெய்தால் நின்றுபோவதும் இல்லை. குறை நேரத்தில்தான் இருக்கிறது. தை மாதத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து ஜல்லிக்கட்டு நடக்கும்போது இது நன்றாகத் தெரியும். அலங்காநல்லூர் மேடையருகே நின்றிருக்கும் சித்தப்பா வாடிவாசலில் காளை வெளியேறியதும் போனில் "மாடு பிடிபடலடா, கட்டிலும் பீரோவும் மாட்டுக்காரருக்குத்தான்!" என்று கத்துவார், எங்கள் டிவியில் அந்தக் காளை இன்னும் வெளியே வந்திருக்காது. எதிர்வீட்டுக் கேபிளில் ஆரவாரம் முடிந்த பிறகுதான் நம் ஹாலில் மூக்கணாங்கயிற்றை அறுப்பார்கள். கேபிளிலும் டிஷ்ஷிலும் சில நொடித் தாமதம் உண்டு. செயலி வழியாக வரும் நேரலையில் அது அரை நிமிடத்தைத் தொடுவதும் உண்டு. படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, சில துண்டுகளை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டு ஓட்டுவதுதான் அதற்குக் காரணம். இணையம் சற்றுத் தடுமாறினாலும் படம் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது தலைவலி. சீரியல் பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமில்லை.

உண்மையான ஐபிடிவியில் இந்தத் தாமதத்தைக் குறைக்க வழி இருக்கிறது. மல்டிகாஸ்ட் என்ற முறையில் ஒரு சேனலின் ஓடையை நிறுவனம் ஒருமுறைதான் அனுப்பும். அந்தத் தெருவில் அதே சேனலைப் பார்க்கும் நூறு வீடுகளும் அதே ஓடையைப் பகிர்ந்துகொள்ளும். செயலி முறையிலோ நூறு வீட்டுக்கும் நூறு தனித்தனி ஓடைகள் போக வேண்டும். முன்னது பந்தியில் வரிசையாகப் பரிமாறுவது. பின்னது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தோசை வார்ப்பது. சாதாரண நாளில் வேறுபாடு தெரியாது. ஊர் முழுவதும் ஒரே நிகழ்ச்சியைப் பார்க்கும் நேரத்தில்தான் தோசைக்கல் திணறும். சித்ரா பௌர்ணமி விடியலில் அழகர் ஆற்றில் இறங்கும்போது மதுரையில் அப்படி ஒரு நேரம் வருகிறது. வேறொரு சங்கடமும் அன்று உண்டு: கம்பியில்லா ஏர்ஃபைபர் இணைப்பு, செல்போன்கள் பயன்படுத்தும் அதே கோபுரத்தைப் பகிர்ந்துகொள்வதால், ஆழ்வார்புரம், கோரிப்பாளையம் போன்ற வைகைக்கரைப் பகுதிகளில் லட்சக்கணக்கானோர் போனும் கையுமாக நிற்கும் அந்தக் காலையில் அதன் வேகம் குறைய வாய்ப்பு அதிகம். ஆற்றங்கரையை ஒட்டிக் குடியிருப்பவர்கள், ஃபைபர் ஒயர் கிடைக்கும் பட்சத்தில், கம்பியில்லா இணைப்பை எடுக்காமலிருப்பதே நல்லது என்பேன்.

ஒரு பெட்டி எப்படி என்பதைத் தெரிந்துகொள்ளக் கருவிகள் தேவையில்லை. சேனலை மாற்றிவிட்டு, படம் வரும்வரை மனத்துக்குள் எண்ணினாலே போதும். இரண்டுக்குள் வந்துவிட்டால் நல்ல பெட்டி. நான்கைத் தாண்டினால் நம் வீட்டுப் பெரியவர்கள் பொறுக்க மாட்டார்கள். விளம்பர இடைவேளையில் நாலு சேனலைத் தாவிவிட்டுத் திரும்பிவருவதுதான் தமிழ்நாட்டில் டிவி பார்க்கும் முறை. ஒவ்வொரு தாவலுக்கும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால், அதுவே போதும், கேபிளைத் திரும்பக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

ரிமோட் இன்னொரு சோதனை. எங்கள் அப்பத்தாவுக்கு எழுத்து வாசிக்க வராது. ஆனால் கேபிள் பெட்டியில் எந்தச் சேனலுக்கு எந்த எண் என்பது விரலுக்குத் தெரியும். புதுப் பெட்டிகள் சிலவற்றின் ரிமோட்டில் எண் பொத்தான்களே இல்லை. முகப்புத் திரையில் சினிமா விளம்பரங்கள், ஓடிடி சின்னங்கள், பரிந்துரைகள் எல்லாம் வரிசைகட்டி நிற்க, அவற்றைத் தாண்டிக் கீழே போனால்தான் நேரலைச் சேனல்கள் வரும். "சன் டிவிய எங்கப்பா ஒளிச்சு வச்சிருக்கீக?" என்று அப்பத்தா கேட்டதில் இந்தத் துறையின் வடிவமைப்பாளர்களுக்கான மதிப்புரை முழுவதும் அடங்கிவிட்டது. குரலில் சொன்னால் சேனல் மாறும் என்று காட்டினோம். பேத்திகள் சொன்னால் மாறுகிறது, அப்பத்தாவின் உசிலம்பட்டிப் பேச்சு அதற்குப் புரிவதில்லை. வாங்குவதற்கு முன், பெட்டியைப் போட்டதும் கடைசியாகப் பார்த்த சேனலுக்கே நேரே போகும்படி அமைக்க முடியுமா, எண் பொத்தானுள்ள ரிமோட் உண்டா என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் உள்ள வீட்டில் இது நெட்ஃப்ளிக்ஸைவிட முக்கியம்.

மின்சாரத்தையும் நினைவில் வைக்க வேண்டும். ஃபைபர் மோடத்துக்குக் கரண்ட் இல்லாவிட்டால் டிவி மட்டுமல்ல, இணையமும் லேண்ட்லைனும் சேர்ந்தே போய்விடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்தடை வரும் நாளில், இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில்கூட டிவி ஓடும், படம் வராது. மோடம் செருகியிருக்கும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது. ஒயர் இழுக்க வரும் நாளிலேயே எலெக்ட்ரீசியனையும் வைத்துக்கொண்டு அந்த பிளக்கை மாற்றிவிடலாம். அல்லது 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி மோடத்தோடு இணைத்துவிடலாம்.

ஆனால் இந்தப் போட்டியின் உண்மையான களம் பழுது பார்ப்பதில்தான் இருக்கிறது. டிப்பர் லாரி ஒயரை இழுத்துக்கொண்டு போகலாம், அணில் கடிக்கலாம், மின்வாரியத்தார் கம்பம் மாற்றலாம், மாசி வீதிகளில் தேர் வரும்போது குறுக்கே போகும் ஒயர்களைக் கழற்ற வேண்டி வரலாம். ஒயர் அறுந்தால் மோடத்தில் சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கும். கேபிள் காலத்தில் அந்த நேரத்தில் ஒருவருக்குப் போன் செய்வோம். அவர் மாதா மாதம் காசு வாங்க வருகிற அதே ஆள். ஏணியை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கட்டிக்கொண்டு சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார், சீரியலுக்கு முன்னால். நான் வைத்திருந்த ஒரு தனியார் இணைப்பில் இதே சிவப்பு விளக்கு எரிந்தபோது, செயலியில் புகார் பதிவு செய்தேன். மறுநாள் காலை, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று குறுஞ்செய்தி வந்தது, வீட்டுக்கு யாரும் வரவில்லை, விளக்கும் அணையவில்லை. வாடிக்கையாளர் மையத்தில் பேசியவர் பணிவாகவே பேசினார். ஆனால் மோடத்தை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னதைத் தவிர அவரால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் தெருமுனையில் வேறொரு வீட்டுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்த பையன்தான் கம்பத்திலிருந்த பெட்டியைத் திறந்து பார்த்து, வேறு யாருக்கோ இணைப்புக் கொடுக்கும்போது எங்கள் இழையைப் பிடுங்கிவிட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். இந்த நிறுவனம் மட்டும்தான் இப்படி என்று சொல்லமாட்டேன். வாரக்கணக்கில் சேவை இல்லாமல் கட்டணம் மட்டும் ஓடிய கதைகள் வேறு இணைப்பு வைத்திருப்பவர்களிடமும் உண்டு.

இந்த இடத்தில்தான் பி.எஸ்.என்.எல்.லின் ஏற்பாடு எனக்குச் சற்று அறிவுள்ளதாகத் தெரிகிறது. அது ஃபைபர் இணைப்புகளைப் பெரும்பாலும் உள்ளூர்ப் பங்குதாரர்கள் வழியாகவே கொடுக்கிறது. வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு. அந்தப் பங்குதாரர்களில் பலர் முன்பு கேபிள் நடத்தியவர்கள். கோஆக்சியல் ஒயரைக் கழற்றிய அதே கைகள்தான் இப்போது ஸ்ப்ளைசிங் இயந்திரத்தை வைத்துக்கொண்டு இழையை ஒட்டுகின்றன. மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கங்களில் இதை நிறையப் பார்க்கலாம். வாடிக்கையாளருக்கு ஒரு போன் நம்பர், ஒரு முகம் இருக்கிறது. ஆனால் இதன் பலவீனமும் அதே இடத்தில்தான்: பங்குதாரர் நல்லவராக இருந்தால் சேவை நன்றாக இருக்கும், அவர் பாதியில் தொழிலை விட்டுவிட்டால், அல்லது நிறுவனத்தோடு கணக்குத் தகராறில் நின்றுவிட்டால், அந்தத் தெருவே இருண்டுவிடும். ஆகவே பி.எஸ்.என்.எல். எடுக்க நினைப்பவர்கள் திட்டத்தை விசாரிப்பதற்கு முன் அந்தத் தெருவின் பங்குதாரர் யார், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவர் எவ்வளவு விரைவாக வருகிறார் என்பதை விசாரிக்க வேண்டும். தனியார் இரண்டிலும் திட்டத்தை விசாரித்தால் போதும், ஆள் மாறிக்கொண்டேயிருப்பார்.

கிராமப் பக்கத்தில் கதையே வேறு. ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்கும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுசெல்ல தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் வேலை செய்கிறது. ஆனால் ஊராட்சி அலுவலகம்வரை வந்த ஒயர் வீடுவரை வருவதற்கு யாராவது கடைசித் தூரத்தை இழுக்க வேண்டும். பேரையூர், உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்களில் மாதம் எழுநூறு எண்ணூறு ரூபாய் கட்டி டிவியும் இணையமும் எடுப்பதைவிட, ஒரு டிஷ்ஷும் செல்போன் ரீசார்ஜும் போதும் என்றே பெரும்பாலோர் கணக்குப் போடுகிறார்கள். வேலையில்லாத மாதத்தில் டிஷ் ரீசார்ஜை நிறுத்திவைக்கலாம். மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷும் இருக்கிறது. அங்கே தொலைபேசி நிறுவனங்கள் வெல்ல இன்னும் காலமாகும். சேனல் எண்ணிக்கையைக் கூட்டுவதால் அது நடக்காது, ஐம்பது நூறு ரூபாய்க்கு டிவி மட்டும் தரும் திட்டம் வந்தால் நடக்கலாம்.

என் பரிந்துரையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் ஓடிடி பார்க்கிறவர்களாக, சேனல்களை இரண்டாம்பட்சமாகக் கருதுகிறவர்களாக இருந்தால் ஜியோ, ஏர்டெல் இரண்டில் எது தெருவில் ஃபைபராக வந்திருக்கிறதோ அதை எடுக்கலாம். இரண்டும் வந்திருந்தால், வரியோடு சேர்த்து எது குறைவு என்று பார்ப்பது போதும், தரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. புதிய ஆண்ட்ராய்டு டிவியும், நம்பகமான உள்ளூர்ப் பங்குதாரரும் இருக்கும் வீட்டுக்கு பி.எஸ்.என்.எல். சிக்கனமான தேர்வு. பெரியவர்கள் பகல் முழுவதும் சேனல் பார்க்கிற வீட்டில், இணையத்துக்கு ஃபைபர் எடுத்துக்கொண்டு டிவிக்குக் கேபிளை அப்படியே விட்டுவைப்பதையே நான் இன்னும் சொல்வேன், அதனால் மாதம் இருநூறு முந்நூறு கூடினாலும். எதை எடுத்தாலும் முதல் மூன்று மாதங்களுக்கு மாதக் கட்டணமாகவே கட்டுங்கள். ஓராண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் இணைப்புக் கட்டணம் தள்ளுபடி என்று வலியுறுத்துவார்கள், ஏர்ஃபைபரில் அந்தத் தள்ளுபடி 1,000 ரூபாய்வரை இருக்கும், ஆனால் சேவை பிடிக்காமல் போனால் மீதிப் பணத்தைத் திரும்ப வாங்குவது எளிதல்ல. பெட்டியும் மோடமும் பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து. இணைப்பைத் துண்டிக்கும்போது அவற்றை யார் வந்து வாங்கிக்கொள்கிறாரோ அவரிடம் வரிசை எண் குறித்த ரசீதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டிக்கான பணத்தைக் கேட்டுப் பிறகு போன் வரும்.